அரிப்பு நின்றால் பூஞ்சை போய்விட்டதா?

17 டிசம்பர் 2024

புதுச்சேரி முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் எழுதியது: "ஃபெஞ்சல் வெள்ளத்தில் மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் நடந்தேன். தொடையிடுக்கில் படர்தாமரை வந்துவிட்டது. மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பும் போச்சு, சிவப்பும் போச்சு. இதற்கெல்லாம் டாக்டரிடம் போய் ஐந்நூறு ரூபாய் அழுவானேன்? வெள்ளையணு தெம்பாக இருந்தால் பூஞ்சையை அதுவே தின்று தீர்த்துவிடும். இல்லை என்பவர்கள் வரலாம். ஒரு பண்ருட்டிப் பலாப்பழம் பந்தயம்."

17 டிசம்பர், இரவு

நான் வருகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு லேபில் இருபத்திரண்டு வருடமாக ஸ்லைடு பார்க்கிறவன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த டியூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டு ஏதாவது இருக்கிறதா?

18 டிசம்பர்

க்ளோபெட்டாசால் இருக்கிறதாம். கூடவே பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று. நினைத்தேன்.

படர்தாமரைப் பூஞ்சை குடியிருப்பது தோலின் உச்சியில் உள்ள செத்த அடுக்கில். அங்கே ரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. அந்த அடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தை அரித்துத் தின்றுகொண்டு அது பாட்டுக்குப் படரும். கீழே உயிரோடு இருக்கும் தோல் செல்கள்தான் அதை மோப்பம் பிடித்து, ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் வெள்ளையணுக்களுக்கு ஆள் அனுப்புகின்றன. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, சிவக்கிறது. நியூட்ரோஃபில், டி செல் என்ற வெள்ளையணு வகைகள் வருகின்றன, அந்தக் கலவரத்தில் அரிக்கிறது. ஆக, நீங்கள் பார்த்த சிவப்பில் பெரும்பங்கு உங்கள் ஆட்கள் வேலை செய்ததன் அடையாளம். க்ளோபெட்டாசால் அந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அரிப்பு மூன்று நாளில் நின்றதில் ஆச்சரியமே இல்லை. பூஞ்சை போய்விட்டதா என்பது வேறு கேள்வி.

18 டிசம்பர், கொஞ்ச நேரம் கழித்து

வட்டமாக ஏன் வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பூஞ்சை ஓரிடத்தில் தொடங்கி, புதுக் கெரட்டின் தேடி எல்லாப் பக்கமும் வெளியே நகர்கிறது. பின்னாலேயே டி செல்கள் கிளப்பிவிட்ட அழற்சியும் போகிறது. அழற்சி வந்த இடத்தில் தோல் வேகவேகமாக உதிரும். சாதாரணமாக நாலு வாரம் எடுக்கும் வேலை சீக்கிரம் முடிந்து, பூஞ்சையும் செதிலோடு சேர்ந்து கீழே விழும். அதனால் நடுவில் ஆறிப்போய், சண்டை ஓரத்தில் மட்டும் நடக்கிறது. நாங்கள் சுரண்டி எடுப்பதும் ஓரத்தில்தான். நடுவில் சுரண்டினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு இந்த வட்டமே கலைந்துவிடும். ஓரம் தெரியாமல் மங்கலாக, பெரிதாகப் படர்ந்திருக்கும். பார்த்தால் படர்தாமரை என்றே தோன்றாது.

19 டிசம்பர்

"வெள்ளையணு தின்று தீர்த்துவிடும்" என்றாரே, அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

தின்னும், சின்னதாக இருந்தால். கேன்டிடா என்ற இன்னொரு பூஞ்சை உருண்டை ஈஸ்ட்டாக இருக்கும்போது நாலைந்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நியூட்ரோஃபில் பன்னிரண்டு, பதினைந்து மைக்ரான் இருக்கும். லபக்கென்று விழுங்கிவிடும். விழுங்கிய பைக்குள் ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாராகிறது. வெள்ளம் வடிந்ததும் தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினார்களே, அது தண்ணீரில் கரைந்ததும் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். தெருவுக்குள்ளும் செல்லுக்குள்ளும் ஒரே சரக்கு.

ஆனால் அதே கேன்டிடா, உடம்புச் சூடு மாதிரி சில சைகைகள் கிடைத்ததும் முளைவிட்டு இழையாக நீளும். இழை நூறு மைக்ரானைத் தாண்டும். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற டிராக்டரிலிருந்து ஒரு முழுக் கரும்பை உருவி வாய்க்குள் திணித்துப் பாருங்கள், நியூட்ரோஃபிலின் கஷ்டம் புரியும். கடித்துத் துண்டாக்கப் பல்லும் இல்லை. அப்போது அது செய்வதுதான் விசித்திரம். தன் கருவை உடைத்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த டி.என்.ஏ.வை அப்படியே வெளியே வீசுகிறது. வலை மாதிரி விரிந்து இழையைப் பிடித்துக் கொன்றுவிடுகிறது. பெரும்பாலும் வீசிய செல்லும் செத்துப்போகும். 2004இல் பெர்லினில் பார்த்துச் சொன்னார்கள். சுருக்குமடி வலை என்று எழுதப் போனேன், கடலூர் துறைமுகத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வீச்சுவலை என்றே வைத்துக்கொள்வோம்.

எப்போது விழுங்குவது, எப்போது வலை வீசுவது என்று எப்படித் தெரிகிறது? அதற்கு 2014இல் ஒரு விடை வந்தது. டெக்டின்-1 என்று ஒரு உணரி செல்லின் மேல் இருக்கிறது. பூஞ்சைச் சுவரில் உள்ள பீட்டா குளுக்கானைத் தொட்டு உணர்வது அதுதான், 2001இல் தெரியவந்தது. சின்னதைத் தொட்டு விழுங்க முடிந்துவிட்டால் வலைக்கான ஏற்பாடு அடங்கிவிடும். விழுங்க முடியாமல் போனால்தான் வலை. மூளை இல்லாத ஒரு செல் அளவெடுக்கிறது. இருபத்திரண்டு வருடமாக நான் மைக்ராஸ்கோப்பில் ஸ்கேல் வைத்து அளக்கிறேன்.

20 டிசம்பர்

ரெயின்போ நகர் வாசகர்: அப்படியானால் ரொட்டியில் போடும் ஈஸ்ட்டும் பூஞ்சைதானே, பாண்டி ரொட்டி சாப்பிடுகிறவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

அடுப்பில் செத்துவிடுகிறது சார். ஆனால் செத்த ஈஸ்ட்டின் சுவருக்கும் வெள்ளையணு கோபப்படும். அந்தச் சுவரிலிருந்து எடுக்கும் ஸைமோஸான் என்ற பொடியைத்தான் ஆய்வுக்கூடங்களில் காலங்காலமாக மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்லை உசுப்பிவிடப் பயன்படுத்துகிறார்கள். இட்லி மாவைப் பற்றியும் யாரோ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: மாவு பொங்குவதில் பெரிய பங்கு பாக்டீரியாவுக்கு, ஈஸ்ட் கூடவந்த விருந்தாளி.

21 டிசம்பர்

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு திருத்தம். வலை "பிடித்துக் கொன்றுவிடுகிறது" என்று எழுதிவிட்டேன், அவசரம். பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது வரை நிச்சயம். வலையே கொல்கிறதா, நகரவிடாமல் மட்டும் வைக்கிறதா என்பதில் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. ஒன்று தெளிவு: வலையோடு கால்ப்ரொடெக்டின் என்ற புரதமும் நிறைய வெளியே வருகிறது. அது சுற்றிலும் உள்ள துத்தநாகத்தை அள்ளிக்கொள்ளும். துத்தநாகம் கிடைக்காத கேன்டிடா வளர முடியாது. அடிப்பதை விடச் சோற்றை நிறுத்துவது.

24 டிசம்பர்

ஒருவர் தன் ரத்தப் பரிசோதனைத் தாளையே படம் பிடித்துப் போட்டுவிட்டார். மொத்த வெள்ளையணு 14,000, நியூட்ரோஃபில் 82 சதவீதம். "என் எதிர்ப்புச் சக்தி அதிகம், பாருங்கள்" என்கிறார். பெயரும் வயதும் தெரிகிறது, படத்தை எடுத்துவிடுங்கள் ஐயா.

ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? மூச்சிரைப்புக்கு ஒரு வாரமாகச் சாப்பிடுவதாகப் பிறகு எழுதினார். அதுதான் விஷயம். நியூட்ரோஃபில்களில் ஒரு பகுதி எப்போதும் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊசியில் வரும் ரத்தத்தில் அவை சிக்காது. ஸ்டீராய்டு உள்ளே போனதும் ஒட்டும் பிடி தளர்ந்து, எல்லாம் ஓட்டத்தில் கலக்கின்றன. எண்ணிக்கை ஏறும். ஆனால் சுவரில் ஒட்டினால்தானே சுவரைத் தாண்டித் திசுவுக்குள் போக முடியும்? பஸ் நிறைய ஆள், நிறுத்தத்தில் ஒருவரும் இறங்கவில்லை. தாளில் உள்ள எண்ணை வைத்துத் தெம்பைச் சொல்ல முடியாது. (காய்ச்சல், நோய்த்தொற்று இருந்தாலும் ஏறும். உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.)

27 டிசம்பர்

"பூஞ்சை வந்தாலே எதிர்ப்புச் சக்தி குறைவு" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் நிலவேம்பு, ஒருவர் கபசுரம், ஒருவர் விலை போட்டு ஒரு பவுடர் டப்பா.

படர்தாமரை நல்ல திடகாத்திரமான ஆளுக்கும் வரும். வேர்வை, இறுக்கமான ஜீன்ஸ், வீட்டில் எல்லோருக்கும் ஒரே துண்டு, இது போதும். போதாக்குறைக்கு இந்தியாவில் இப்போது சுற்றும் வகையே வேறு. 2020இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று நம் நாட்டுப் பெயரையே வைத்தார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை. டெர்பினாஃபைன் என்ற முக்கியமான மருந்துக்கு அது பல இடங்களில் மசிவதில்லை.

"எதிர்ப்புச் சக்தி" என்று ஒரே சாமானாகப் பேசுவதில்தான் கோளாறு. எந்த செல் இல்லையோ அதைப் பொறுத்து பூஞ்சை வரும் இடமே மாறும். எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு டி செல் குறைகிறது. அவர்கள் வாயில் கேன்டிடா வெள்ளை வெள்ளையாகத் தயிர்த் திட்டு மாதிரி படியும். வாய்க்குக் காவல் ஐ.எல்.-17 என்ற சைகைப் புரதத்தைச் சுரக்கும் டி செல்கள். ஆனால் அதே ஆளின் ரத்தத்துக்குள் கேன்டிடா அவ்வளவாக இறங்காது, ஏனென்றால் நியூட்ரோஃபில் இன்னும் நிற்கிறது. புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர்களுக்கு நேர் எதிர். நியூட்ரோஃபில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போகும் அந்த நாட்களில் கேன்டிடா ரத்தத்துக்குள் நுழையும், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை நுரையீரலைத் துளைக்கும். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த வரத்து நின்ற சில நாளிலேயே இவ்வளவும் நடக்கும். இதில் எந்தச் சக்தியைப் பவுடர் டப்பா கூட்டும்?

27 டிசம்பர், இரவு

மேலே எழுதியதைப் படித்தால் கொஞ்சம் கடுப்பாக இருக்கிறது. நிலவேம்பு குடிக்கிறவர்கள் குடியுங்கள். பூஞ்சைக்கென்று கேட்டால் எங்கள் ஆயா வண்டுகொல்லி இலையை, அதாவது சீமை அகத்தியை, அரைத்துப் பற்றுப் போடுவார். அந்த இலையில் பூஞ்சையை எதிர்க்கும் சத்து உண்மையாகவே இருக்கிறது.

30 டிசம்பர்

பலாப்பழம் பந்தயத்தில் இருப்பதால் பண்ருட்டிக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். அவர் தோப்பில் பிஞ்சு கறுத்துக் கறுத்து விழுகிறதாம், அதுவும் பூஞ்சையாம், தொட்டால் நமக்கு வருமா என்கிறார்.

பிஞ்சைக் கறுக்க வைப்பது ரைஸோபஸ். 2021இல் கோவிட் இரண்டாம் அலையில் கருப்பு பூஞ்சை என்று நாடே அலறியதே, அதில் முக்கியக் குற்றவாளியும் ரைஸோபஸ் பேரினம்தான், ஆனால் வேறு இனம். தோப்பில் உள்ளது சூடு தாங்காது, 37 டிகிரியில் வளராது. பூஞ்சைகளில் பெரும்பாலானவற்றை நம்மிடம் அண்டவிடாமல் வைத்திருப்பது வெள்ளையணு கூட இல்லை, நம் உடம்புச் சூடு. 30க்கும் 40க்கும் இடையில் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 6 சதவீதப் பூஞ்சைகள் கழன்றுகொள்கின்றன என்று 2009இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தைரியமாகப் பிஞ்சைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள்.

அந்த 2021 மே, ஜூனை நான் மறக்க மாட்டேன். மூக்கிலிருந்து எடுத்த திசு வரும். படர்தாமரை இழை மெல்லியதாக, குறுக்குச்சுவரோடு இருக்கும். இது அகலமாக, நாடா மாதிரி மடங்கி, குறுக்குச்சுவர் அநேகமாக இல்லாமல், கிளை செங்குத்தாகப் பிரியும். ஒரு முறை பார்த்தால் போதும், மறுபடி சந்தேகம் வராது. வந்தவர்களில் நிறையப் பேர் சர்க்கரைக்காரர்கள், ஸ்டீராய்டு போட்டவர்கள். சர்க்கரை கட்டுமீறி ரத்தம் அமிலமாகும்போது, புரதம் கட்டி வைத்திருக்கும் இரும்பு நழுவுகிறது. ரைஸோபஸ் இரும்புக்கு அலைகிற பூஞ்சை. அதே நேரம் நியூட்ரோஃபில் எண்ணிக்கையில் குறையாமல் இருந்தும், போக வேண்டிய இடத்துக்குப் போகாது, போனாலும் கொல்லத் திராணி இருக்காது. மேலிருந்து ஸ்டீராய்டு. அன்றைக்கு அது உயிர் காக்கும் மருந்தும் கூட, அதைக் குறை சொல்லவில்லை.

2 ஜனவரி 2025

எல்லாம் ஸ்டீராய்டு எதிர்ப்புப் பிரசாரம் மாதிரி போகிறது என்று ஒருவர் குத்திக்காட்டினார். ஓரளவு சரிதான். மறுபக்கமும் சொல்லியாக வேண்டும்.

என் பெரியப்பா குறிஞ்சிப்பாடிப் பக்கம் விவசாயம். சில வருடம் முன்பு அறுப்பில் நெல்தாள் கண்ணில் குத்தியது. இரண்டு நாள் தாய்ப்பால், அப்புறம் யாரோ கொடுத்த சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு. "கண்ணு வெளுத்துட்டுதுடா தம்பி, ஆனா எரிச்சல் தேவலாம்" என்று ஃபோனில் சொன்னபோதே எனக்குப் பகீரென்றது. கருவிழியில் ஃப்யூசேரியம் என்ற பூஞ்சை. தமிழ்நாட்டில் பூஞ்சையால் வரும் வயல்காட்டுக் கண் புண்ணுக்கு அதுவும் ஆஸ்பெர்ஜில்லஸும்தான் முதல் இரண்டு எதிரிகள்.

கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டுமே. நியூட்ரோஃபில்கள் ஓரத்திலிருந்து ஊர்ந்து வர வேண்டும். வந்து கூட்டம் கூட்டமாகக் குவிந்த பிறகு அவற்றின் நொதிகள் பூஞ்சையை மட்டும் அரிப்பதில்லை, கருவிழியையும் சேர்த்துக் கரைக்கின்றன. வெளியே தெரியும் அந்த வெள்ளைத் திட்டில் பூஞ்சையை விட நம் செல்களே அதிகம். ஆக சண்டை போடாவிட்டாலும் கண் போகும், மிஞ்சிப் போட்டாலும் போகும். பெரியப்பாவுக்கு நாட்டமைசின் என்ற பூஞ்சை மருந்துச் சொட்டு வாரக்கணக்கில். ஃப்யூசேரியத்துக்கு அதுதான் மேல் என்று 2013இல் வெளிவந்த ஆய்வு நடந்ததே மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைகளில்தான். பெரியப்பாவுக்குக் கண் தப்பியது, தழும்பு இருக்கிறது. பஸ் நம்பர் படிக்க மாட்டார், ஆள் தெரியும்.

எனவே "எதிர்ப்பு அதிகமாக இருந்தால் நல்லது" என்பதும் பொய். ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து தினமும் நூற்றுக்கணக்கில் நம் மூச்சில் போகிறது. ஒவ்வொன்றுக்கும் கலவரம் செய்தால் நுரையீரல் என்ன ஆகும்? தூங்கும் வித்தின் மேல் வழுவழுப்பான ஒரு புரதப் போர்வை இருக்கிறது, அது இருக்கும் வரை நம் செல்கள் சத்தமில்லாமல் பொறுக்கிப் போடுகின்றன. முளைத்து, போர்வை கிழிந்தால்தான் அமர்க்களம்.

3 ஜனவரி

பேச்சின் இழை எங்கேயோ போய்விட்டது. போனதே போனது, ஒன்று சொல்லிவிடுகிறேன். வெள்ளையணு கிருமியோடு சண்டை போடுவதை முதன்முதலில் நேரில் பார்த்தவர் மெச்னிகாஃப் என்ற ரஷ்யர். 1882இல் நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி, செல்கள் முள்ளைச் சூழ்வதைக் கண்டார். ஆனால் நிஜ நோயில் நிஜச் சண்டையைக் காட்டியது 1884இல், நீர்த்தெள்ளில். மீன்தொட்டிக்காரர்கள் டாஃப்னியா என்று வாங்குகிறார்களே, அதே பூச்சி. அது விழுங்கிய ஊசி வடிவ வித்துகள் குடலைக் குத்திக்கொண்டு வெளியே வர, செல்கள் ஓடிவந்து மொய்த்தன. உடம்பே கண்ணாடி என்பதால் எல்லாம் தெரிந்தது. அந்தக் கிருமி பாக்டீரியா இல்லை, ஒரு ஈஸ்ட், பூஞ்சை. 1908இல் நோபல்.

4 ஜனவரி

முத்தியால்பேட்டைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்! பாண்டியிலிருந்து பஸ்ஸில், டியூபோடு. எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார்.

"அரிப்பே இல்ல சார், எதுக்குச் சுரண்டறீங்க?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். தொடையில் லேசான பழுப்பு, உள்ளங்கை இரண்டு அகலம். ஓரம் என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, மழுங்கல் பிளேடால் செதிலைச் சுரண்டி ஸ்லைடில் போட்டு, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு, மேலே கவர் கண்ணாடி. பதினைந்து நிமிடம். இந்த நேரத்தில் தோல் செல்கள் இளகிக் கண்ணாடியாகும், பூஞ்சையின் சுவர் கைட்டின் என்ற கெட்டிப் பொருள் உள்ள சுவர், அது அசராது. அதுவரை டீ.

நாற்பது மடங்கு லென்ஸில் வைத்தேன். சாதாரணப் படர்தாமரையில் இழையைத் தேட வேண்டும், ஒரு பார்வைப் பரப்பில் ஒன்றோ இரண்டோ. இதில் தேடவே வேண்டாம். செல்லின் எல்லைக்கோடுகளைச் சட்டை செய்யாமல் குறுக்கும் நெடுக்குமாக, கிளைகிளையாக, சில இழைகள் மணி கோத்த மாதிரி துண்டுபட்டு, காட்டாமணக்குப் புதர் போல நிறைந்து கிடந்தது. அவரையே பார்க்கச் சொன்னேன். ஒரு நிமிடம் பார்த்தார்.

"இவ்ளோவா? அரிக்கவே இல்லையே சார்."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. தோல் டாக்டர் ஒருவரிடம் அனுப்பிவைத்தேன்.

5 ஜனவரி

பந்தயம் யாருக்கு என்று எல்லோரும் கேட்கிறீர்கள். சீசன் வரட்டும்.

நானும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இத்தனை நாள் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிட்டேன். 2016இல் இதே மாதிரி டியூபை நான் இரண்டு மாதம் போட்டேன். லேப் ஆளே போட்டேன். அரிப்பு வரும், போடுவேன், நிற்கும், நிறுத்துவேன், இரண்டு மடங்காக வரும். தொடையிடுக்கில் அப்போது விழுந்த வரி வரியான தழும்பு இன்னும் இருக்கிறது. 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. நான் வாங்கியது அதற்கு முன்பு, முத்தியால்பேட்டைக்காரர் வாங்கியது அதற்குப் பின்பு. வித்தியாசம் அவ்வளவுதான்.

19 ஜனவரி

அவரிடமிருந்து: ஸ்டீராய்டை நிறுத்தியதும் சிவந்து, அரித்து, பழையபடி பயங்கரமாக இருக்கிறது, டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்யவில்லையோ என்று. டாக்டரிடம் கேட்டாராம், எதிர்பார்த்ததுதான், தொடருங்கள் என்றாராம். ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். துண்டைத் தனியாக வையுங்கள், துணியை வெயிலில் காயப்போடுங்கள்.

9 மார்ச்

இரண்டாவது சுரண்டல். பழுப்பு மங்கிவிட்டது, செதில் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஸ்லைடை மூலைக்கு மூலை தேடினேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அப்புறம் கடைசி ஓரத்தில் ஒரே ஒரு இழை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

ஃபோகஸை மேலும் கீழும் ஓட்டினேன். கிளை இல்லை. குறுக்குச்சுவர் இல்லை. அகலம் ஒரு சீராக இல்லாமல் முறுக்கிக்கொண்டு போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒன்றைப் பூஞ்சை என்று எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன், அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினேன். நீலம்.

கைலி நூல்.

பலாப்பழம் சித்திரையில் வருகிறதாம்.